தூத்துக்குடியில் தயாராகும் கார்... அதன் வேகத்தை வடிவமைப்பது யார்? ஸ்போர்ட்ஸ் கூபே சொல்லும் கதை

தூத்துக்குடியிலிருந்து ராமநாதபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தருவைகுளம் பக்கம் போனால் கண்ணில் படுபவை பெரும்பாலும் மீன் வண்டிகள், ஐஸ் வண்டிகள், உப்பு லாரிகள். ஆழ்கடலுக்குப் போய் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்கும் படகுகளுக்குப் பெயர்போன ஊர் அது. இதே மாவட்டத்தில், நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 5.8 வினாடியில் தொடும் கார் ஒன்று இப்போது ஆலையிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது.

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2024 ஜனவரியில் தமிழ்நாடு அரசுடன் ஒப்பந்தம் போட்டது. அடுத்த மாதமே அடிக்கல். 2025 ஆகஸ்ட் 4 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் ஆலையைத் திறந்துவைத்தார். சுமார் 400 ஏக்கர், முதற்கட்டத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள், பின்னர் 1.5 லட்சம் வரை, நேரடி வேலை 3,000 முதல் 3,500 பேருக்கு என்பது நிறுவனம் சொன்ன கணக்கு. இங்கே முதலில் தயாரானவை விஎஃப் 6, விஎஃப் 7 என்ற இரண்டு மின்சார கார்கள். அந்த 5.8 வினாடி, விஎஃப் 7 காரின் நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும் உயர்ரக வகைக்கு உரியது.

ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே கோடிக்கணக்கில் விலை, பணக்காரர் வீட்டு ஷெட் என்றுதான் பலரும் நினைப்பார்கள். விஎஃப் 7 அப்படியல்ல. 2025 செப்டம்பரில் அறிமுகமானபோது அதன் ஆரம்ப விலை 20.89 லட்சம் ரூபாய் (ஷோரூம் விலை). 5.8 வினாடி வகைக்கு அதைவிடக் கூடுதல். ஆனாலும் இருபது வருஷத்துக்கு முன்பு இந்த வேகம் வேண்டுமென்றால் பெரும்பாலும் விளையாட்டுக் கார்களைத்தான் தேட வேண்டியிருந்தது.

அப்போ அந்தக் கோடி ரூபாய் கார்களில் இனி என்னதான் இருக்கிறது? தூத்துக்குடிக்கு வந்திருப்பது அதில் எந்தப் பகுதி? தருவைகுளத்துப் பையன் ஒருவன் டிப்ளமோ முடித்துவிட்டு இந்த ஆலைக்குப் போனால், அவன் கற்றுக்கொள்ளப்போகும் தொழில் எது என்பதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

கூபே என்றால் என்ன?

‘கூபே’ பிரெஞ்சுச் சொல். ‘வெட்டப்பட்டது’ என்று பொருள். குதிரை வண்டிக் காலத்தில், பெரிய கோச் வண்டியின் ஒரு வரிசை இருக்கையை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பேர் மட்டும் போகிற மாதிரி செய்த சிறிய வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது. கார் காலத்தில் அது இரண்டு கதவு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை, தரையோடு ஒட்டிய உயரம் என்று மாறியது. இன்றைக்குக் கூரையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டாலே ‘கூபே எஸ்யூவி’ என்று விளம்பரம் செய்கிறார்கள். அது விற்பனைப் பிரிவின் வேலை. கூபேயின் இலக்கணத்துக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

உண்மையான உயர்ரக ஸ்போர்ட்ஸ் கூபேக்கு இந்தியத் தொடர்புள்ள நல்ல உதாரணம் ஒன்று உண்டு: பினின்ஃபரினா பட்டிஸ்டா. இத்தாலியின் டூரின் நகரில் 1930-ல் பட்டிஸ்டா ஃபரினா தொடங்கிய கார் வடிவமைப்பு நிறுவனம் பினின்ஃபரினா. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் பெரும்பாலான ஃபெராரி கார்களுக்கு உருவம் கொடுத்தது இவர்கள்தான். 2015 டிசம்பரில் மஹிந்திரா குழுமம் இந்த நிறுவனத்தை வாங்கும் ஒப்பந்தத்தை அறிவித்தது. நிறுவனரின் பெயரிலேயே 2019 ஜெனீவா கார் கண்காட்சியில் வந்த மின்சார கூபேதான் பட்டிஸ்டா. மொத்தமே 150 கார்கள் மட்டும், விலை சுமார் 20 லட்சம் யூரோ என்று அறிவித்தார்கள்.

2022-ல் இந்த கார் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் உள்ள ‘நாட்ராக்ஸ்’ சோதனைத் தளத்துக்கு வந்தது. 11.3 கி.மீ. சுற்றளவுள்ள அந்தப் பாதையில் காரை மணிக்கு 357 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுபோனவர் நம்ம கோயம்புத்தூர்க்காரர், இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன்.

பனங்காயைவிட வேகம்

பட்டிஸ்டா 0-100 கி.மீ. வேகத்தை 1.86 வினாடியில் எட்டுகிறது. இந்த எண்ணை அப்படியே படித்துவிட்டுப் போனால் அதன் கனம் புரியாது. ஓர் உயரமான பனை, 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் உச்சியிலிருந்து காய் ஒன்று விழுந்தால் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 71 கி.மீ. இருக்கும். அதே காய் 100 கி.மீ. வேகத்தை எட்ட வேண்டுமென்றால் இன்னொரு பனை உயரம் விழ வேண்டும், 2.8 வினாடி ஆகும். அதாவது பூமி ஒரு பொருளைக் கீழே இழுப்பதைவிட ஒன்றரை மடங்கு பலமாக இந்த கார் தன்னைத் தானே முன்னால் இழுத்துக்கொள்கிறது.

இதற்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும்? கார் 2.2 டன் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 100 கி.மீ. வேகத்தில் அதனிடம் இருக்கும் ஆற்றல் கால் யூனிட் கரண்டுக்கும் குறைவு. வீட்டில் ஒரு மின்விசிறி ராத்திரி கொஞ்ச நேரம் சுற்றினால் செலவாகிற அளவுதான்! கஷ்டம் ஆற்றலில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. அந்தக் கால் யூனிட்டை இரண்டு வினாடிக்குள் பேட்டரியிலிருந்து உருவி, மோட்டார் வழியாக டயருக்கு அனுப்பி, டயர் வழுக்காமல் தரையைப் பிடிக்க வேண்டும்.

பெட்ரோல் காரில் இதைச் செய்வது பெரும்பாடு. எஞ்சின் சுழற்சி கூட வேண்டும், கியர் மாற வேண்டும், டர்போ விழிக்க வேண்டும். மின்மோட்டாருக்கு அந்தத் தாமதம் கிடையாது. மிதித்த கணமே முழு முறுக்குவிசையும் வந்துவிடும். பட்டிஸ்டாவில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார்கள், சேர்த்து 1,900 குதிரைத்திறன். விஎஃப் 7-ல் முன்னும் பின்னுமாக இரண்டு மோட்டார்கள், சுமார் 350 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை.

அதனால்தான் நேர்கோட்டு வேகம் இப்போது மலிந்துபோயிருக்கிறது. கொஞ்சம் பெரிய மோட்டாரும் பேட்டரியும் வாங்கினால் போதும், வேகம் கூடவே வந்துவிடும். சிரமமான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

பேட்டரியை எங்கே ஒளிப்பது?

இன்றைய மின்சார கார்களில் பெரும்பாலும் பேட்டரி ஒரு தட்டையான பெட்டி போல தரைக்கு அடியில் பரப்பப்பட்டிருக்கும். அதற்கு மேல் இருக்கை, அதற்கு மேல் ஆள், அதற்கு மேல் கூரை. ஒவ்வொன்றாக அடுக்கும்போது கார் தானாகவே உயர்ந்துவிடும். மின்சார கார்களில் எஸ்யூவி அதிகமாக இருப்பதற்கு வாடிக்கையாளர் ஆசை ஒரு காரணம் என்றால், இந்தப் பெட்டி இன்னொரு காரணம்.

ஆனால் கூபே உயர்ந்தால் அது கூபே இல்லை. பட்டிஸ்டாவில் 120 கிலோவாட் மணி பேட்டரியை ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் செய்து, இருக்கைகளுக்கு நடுவிலும் முதுகுக்குப் பின்னாலும் வைத்தார்கள். ஓட்டுநர் பேட்டரி மேல் உட்காரவில்லை, அதன் பக்கத்தில் உட்காருகிறார். கார் தாழ்வாக இருக்க இதுதான் வழி. போர்ஷே டைகான் காரில் வேறு தந்திரம்: பின்னிருக்கையில் உட்காருபவரின் பாதம் இறங்க, பேட்டரியில் அந்த இடத்தை மட்டும் குழியாக விட்டிருக்கிறார்கள். கூரை சில அங்குலம் இறங்குவதற்காக ஒரு பேட்டரியையே மறுபடி வரைய வேண்டியிருக்கிறது. ஆலையின் அசெம்பிளி லைனில் எடுக்கிற முடிவல்ல இது. லைன் வருவதற்குப் பல வருஷம் முன்பே, வேறு ஓர் ஊரில், திரை முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் எடுப்பது.

காற்றும் ஒரு கடல்தான்

தருவைகுளத்துப் படகுக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. படகின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலே டீசல் மடமடவென்று இறங்கும். தண்ணீரை அணியம் எப்படிக் கிழிக்கிறது, பின்பக்கம் தண்ணீர் எப்படிச் சேருகிறது என்பதில்தான் பாதிக் கணக்கு. காருக்குத் தண்ணீருக்குப் பதில் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து ஓடத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. 100 கி.மீ.யில் தேவைப்பட்டதைப் போல 40 மடங்குக்கும் மேலான திறன் 350 கி.மீ.யில் காற்றைத் தள்ளுவதற்கே போய்விடும்.

கூபேயின் சரிந்த கூரைக்கு அழகு பிறகு வந்த காரணம். காற்று காரின் முதுகை ஒட்டியே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் பிய்த்துக்கொண்டால் பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகி காரைப் பின்னோக்கி இழுக்கும். அதோடு இன்னொரு சிக்கல்: மேல்பக்கம் வளைந்த உருவம் வேகத்தில் விமான இறக்கை மாதிரி தூக்கிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தரையோடு அமுக்கப் பின்சிறகு வேண்டும். சிறகை நிமிர்த்தினால் தடை கூடும். இந்தக் கொடுக்கல் வாங்கலை ஊகித்துத் தீர்க்க முடியாது. பினின்ஃபரினா முழு அளவு காரையே உள்ளே வைத்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தை 1972-லேயே கட்டிவிட்டது. அரை நூற்றாண்டு அனுபவம் என்றால் அதுதான்.

எடை விஷயத்தில் தருவைகுளத்துக்கு இன்னும் நெருக்கமான ஒப்புமை உண்டு. பட்டிஸ்டாவின் உடற்கூடு கார்பன் ஃபைபர். கடற்கரையில் நிற்கும் ஃபைபர் படகு இதன் ஒன்றுவிட்ட சகோதரன். அங்கே அச்சில் கண்ணாடி இழை மேட்டை விரித்து, ரெசின் பூசி, அடுக்கடுக்காக ஏற்றுவார்கள். இங்கே கண்ணாடி இழைக்குப் பதில் கார்பன் துணி. ஒவ்வோர் அடுக்கின் இழை எந்தத் திசையில் ஓட வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, பிறகு அழுத்தமும் வெப்பமும் கொடுக்கும் கலனில் வேகவைக்கிறார்கள். அடிப்படை ஒன்றுதான். படகு பட்டறையையும் கார் பட்டறையையும் பிரிப்பது அந்தக் கணக்கும் கலனும்.

பணத்துக்கு வாங்க முடிந்ததும் முடியாததும்

இனி தூத்துக்குடி ஆலைக்கு வருவோம். வின்ஃபாஸ்ட் தொடங்கியது 2017-ல்தான். அடுத்த வருஷமே பாரிஸ் கண்காட்சியில் இரண்டு கார்களை நிறுத்தினார்கள். எப்படி முடிந்தது? உருவம் பினின்ஃபரினா வரைந்தது, அடித்தளம் பிஎம்டபிள்யூவிடம் உரிமம் வாங்கியது. பின்னர் மின்சார கார்களுக்கு மாறியபோதும் விஎஃப் 8, விஎஃப் 9 இரண்டும் பினின்ஃபரினா கைவண்ணம். தூத்துக்குடியில் தயாராகும் விஎஃப் 6, விஎஃப் 7 இரண்டையும் வரைந்தது இத்தாலியின் டொரினோ டிசைன் என்ற இன்னொரு நிறுவனம். ஆக, மும்பைக்காரருக்குச் சொந்தமான கூபேயும், சில்லாநத்தத்தில் வண்ணம் அடிக்கப்படும் எஸ்யூவியும் ஒரே டூரின் வட்டாரத்துப் பென்சிலில் பிறந்தவை.

இதில் கேவலம் ஒன்றுமில்லை. உலகத்தில் பல நிறுவனங்கள் இப்படித்தான் தொடங்கின. பட்டிஸ்டாவே தன் மின்தொழில்நுட்பத்தைக் குரோஷியாவின் ரிமாட்ஸ் நிறுவனத்திடமிருந்துதான் பெற்றது. ஆனால் உருவத்தையும் மோட்டாரையும் வாங்குவது போல, காரின் நடத்தையை வாங்கிவிட முடியாது என்பதற்கும் வின்ஃபாஸ்டே உதாரணம். 2023-ல் அமெரிக்காவில் விஎஃப் 8 காரை ஓட்டிப் பார்த்த விமர்சகர்கள் அதன் குலுக்கலையும் மென்பொருள் கோளாறுகளையும் கிழித்துத் தொங்கவிட்டார்கள். தோற்றம் இத்தாலியத் தரத்தில் இருந்தது. ஸ்பிரிங், டேம்பர், ஸ்டியரிங், மென்பொருள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிப் பழகவில்லை. நிறுவனம் அதற்குப் பிறகு தொடர்ந்து திருத்தங்கள் செய்தது. ஒரு காரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி, ஸ்பிரிங்கை மாற்றி, மறுபடி ஓட்டி, மென்பொருளில் ஒரு எண்ணைத் திருத்தி, மறுபடியும் ஓட்டித்தான் அந்தப் பழக்கம் வரும். வேகமான கூபே என்றால் இந்த வேலை இன்னும் கூடும், ஏனென்றால் ஒருமுறை வேகமாக ஓடினால் போதாது. பத்தாவது தடவையும் பேட்டரி சூடேறாமல், பிரேக் தளராமல் அதே மாதிரி ஓட வேண்டும். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி போர்ஷே காரில் தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது நினைவிருக்கும். அங்கே யாரும் 0-100 பார்த்துப் பரிசு கொடுப்பதில்லை.

கைவேலையின் அளவிலும் வித்தியாசம் பெரிது. ஒரு பட்டிஸ்டாவைக் கட்டி முடிக்க 1,250 மணி நேரத்துக்கு மேல் ஆவதாக நிறுவனம் சொல்கிறது. தூத்துக்குடி ஆலை முழு முதற்கட்டத் திறனில், வருஷத்தில் 300 நாள், தினமும் 16 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஆறு நிமிஷத்துக்கு ஒரு கார் வெளியே வர வேண்டும். இரண்டுமே திறமைதான், ஆனா வேறுவேறு திறமை. ஆறு நிமிஷ ஆலையில் ஒரு தொழிலாளி கற்றுக்கொள்வது, சொன்ன வேலையைச் சொன்ன நேரத்தில் பிசகில்லாமல் முடிப்பது. அந்த வேலை ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்ற கேள்வி அவரிடம் வருவதே இல்லை.

தமிழ்நாட்டில் அந்த மேசை இல்லையா?

இருக்கிறது. மஹிந்திராவின் பிஇ 6 மின்சார கார், கூபே சாயல் கொண்ட எஸ்யூவி, 2024 நவம்பரில் சென்னையில்தான் அறிமுகமானது. 79 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட வகை 6.7 வினாடியில் 100 கி.மீ. தொடுகிறது. பிரதாப் போஸ் தலைமையிலான வடிவமைப்புக் குழு மும்பையிலும் இங்கிலாந்திலும் இயங்குகிறது. பொறியியல் வேலையின் மையம் செங்கல்பட்டு அருகே மஹிந்திரா ரிசர்ச் வேலி. கார் தயாராவதோ மகாராஷ்டிராவின் சக்கனில். தூத்துக்குடிக்கு நேர் எதிர்த் திசை இது: மூளை தமிழ்நாட்டில், ஆலை வெளியே.

செய்யாறில் மஹிந்திராவின் சோதனைப் பாதை, ஒரகடத்தில் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் வசதியுள்ள ஜிஏஆர்சி மையம், 2025 ஏப்ரலில் ரெனோ சென்னையில் திறந்த வடிவமைப்பு மையம் என்று பட்டியல் நீளும். ஆனால் எல்லாமே சென்னையைச் சுற்றி. தருவைகுளத்திலிருந்து ஏறத்தாழ 600 கி.மீ. தள்ளி. தென்மாவட்டத்துக்கு ஆலை வந்ததற்குத் துறைமுகம் பெரிய காரணம்; தெற்காசியா, மேற்காசியா, ஆப்பிரிக்கா ஏற்றுமதிக்கு இந்த ஆலையை மையமாக்குவோம் என்று வின்ஃபாஸ்ட் சொல்லியிருக்கிறது. கப்பலில் காரை ஏற்றக் கடற்கரை வேண்டும். காரை வரைய அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால் அந்த வேலை தானாக இங்கே வந்து சேராது. அரசு ஒப்பந்தத்தில் கேட்டால் வரலாம், கல்லூரிகள் ஆள் தயார் செய்தால் வரலாம்.

இங்கே ஆலை வந்ததைக் குறைத்துப் பேசவும் முடியாது. 3,000 வேலை என்பது மழையையும் தடைக்காலத்தையும் பார்த்துப் பார்த்து வாழும் ஒரு கடற்கரைக்கு லேசுப்பட்ட விஷயமில்லை. ஆனால் மாதச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு, காரில் அதிக மதிப்புள்ள பகுதி எங்கே உருவாகிறது என்று கேட்காமல் விட்டால், அடுத்த மாடல் வரும்போதும் வரைபடம் இத்தாலியிலிருந்துதான் இறங்கும்.

கோயம்புத்தூரில் ஒரு காலத்தில் இந்தக் கேள்வியை ஒருவர் நேரடியாக எதிர்கொண்டார். எஸ்.கரிவரதன், பந்தய கார் ஓட்டுநர். வெளிநாட்டு கார் இறக்குமதி செய்ய வழியில்லாத காலத்தில், மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய கார்களை உள்ளூரிலேயே வடிவமைத்துக் கட்டினார். 1995-ல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயப் பாதையில் இப்போது ‘ஃபார்முலா பாரத்’ என்ற கல்லூரி மாணவர் போட்டி நடக்கிறது. நாடு முழுவதிலுமிருந்து அணிகள் தாங்களே வரைந்து, வெல்டிங் வைத்து, கட்டிய சிறிய பந்தய கார்களோடு வருகின்றன; மின்சார கார்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு.

அந்தப் போட்டியில் நேர்கோட்டு வேகத்துக்கான மதிப்பெண்ணைவிட, நெடுநேரம் பழுதில்லாமல் ஓடுவதற்கான மதிப்பெண் அதிகம். ஓடுவதற்கு முன்பே செலவுக் கணக்குக்குத் தனி மதிப்பெண், வடிவமைப்புக்குத் தனி மதிப்பெண். நடுவர்களாக வரும் பொறியாளர்கள் காரின் ஒரு பாகத்தைத் தொட்டுக் காட்டி, ‘இதை ஏன் இங்கே, இந்தத் தடிமனில் வைத்தீர்கள்?’ என்று கேட்பார்கள். கடையில் வாங்கிப் பொருத்தினோம் என்றால் மதிப்பெண் கிடைக்காது.